ஒரு கட்டைகூட விடக்கூடாது

நேற்று சாயங்காலம் தண்ணீரில் கிடந்த கட்டைகள் இன்று கரையில் அடுக்கிக் கிடந்தன.

அம்சா ஸ்கூட்டியை நிறுத்திவிட்டு, ஹெல்மெட்டைக்கூடக் கழற்றாமல் அதையே பார்த்துக்கொண்டு நின்றாள். ஐயம்பேட்டையைத் தாண்டிப் பாலாற்றுக்குள் இறங்கும் மண்பாதை அங்கேதான் முடிகிறது. தடுப்பணைக்கு மேல்புறம், வெள்ளம் வடிந்த பிறகும் அகலமாகத் தேங்கி நிற்கும் தண்ணீரில், எங்கெங்கிருந்தோ அடித்துக்கொண்டு வந்த வேலிகாத்தான் தண்டுகளும் பனந்துண்டுகளும் யார் வீட்டுடையதோ ஒரு நிலைப்படியும் பாதி மூழ்கிக் கிடந்தன. முழங்கால் தண்ணீரில் நடந்து நடந்து, எடுக்க வேண்டியவற்றுக்கெல்லாம் அடையாளமாகச் சிவப்பு நூல் கட்டிவிட்டுப் போனது அவள்தான். எடுப்பது ஞாயிற்றுக்கிழமை என்று சொல்லி வாட்ஸப் குழுவில் ஆளும் சேர்த்தாயிற்று. ஞாயிறு நாளைக்குத்தான். ஆனால் நூல் கட்டிய கட்டைகள் ஒன்று பாக்கியில்லாமல் வெளியே வந்து, கிளை கழித்து, தலைமாடு கால்மாடு சரிபார்த்து, ஒன்றின்மேல் ஒன்றாக ஏறியிருந்தன. கழித்த கிளைகள் பக்கத்தில் தனிக் குவியலாக, நுனியெல்லாம் ஆற்றைப் பார்த்தபடி கிடந்தன. நூல் தீர்ந்துபோய் அவள் கட்டாமல் விட்டவை மட்டும் அப்படியே தண்ணீரில் இருந்தன.

"நம்ம குரூப்புல யாரோ ஆர்வக்கோளாறுக்கா. ஒரு நாள் முன்னாடியே வந்துட்டாங்க" என்றான் விஷால், பின் சீட்டிலிருந்து பெரிய பையோடு இறங்கியபடி.

"காலையில ஏழு மணின்னா பத்து மணிக்கு வர்ற கூட்டம் அது. ஒரு நாள் முன்னாடி வருமா?"

விஷால் அவளுடைய தம்பி. கோவளம் கடற்கரையில் கைட்போர்டிங் கற்றுக்கொண்டு வந்தவன். ஆள் உயரத்துக்கு மேல் இருக்கிற காத்தாடியின் நூலை இடுப்பில் மாட்டி, காலில் பலகையைக் கோத்துக்கொண்டு, காற்று இழுக்க இழுக்கத் தண்ணீர்மேல் ஓடுகிற விளையாட்டு. நூல் என்று சொன்னால் அவனுக்குப் பிடிக்காது, லைன் என்று திருத்துவான். அம்சாவுக்கு அது நூல்தான். போன மாதம் இதே இடத்தில் மூழ்கிக் கிடந்த கட்டையில் மோதி விலா கிழிந்தது. காத்தாடி அவனை விடாமல் இழுத்துக்கொண்டு போனது. "நூலை அறுத்துடுடா" என்று கரையிலிருந்து இவள் தொண்டை கிழியக் கத்திய பிறகுதான் இடுப்புக் கத்தியை உருவி அறுத்தான். ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுத்துக்கொண்டு சத்தியம் செய்து கொடுத்தான்: "இனிமே நீ கத்தினா யோசிக்கவே மாட்டேன்க்கா. உடனே அறுத்துடுவேன்."

அம்மா போன பிறகு அவனுக்குச் சோறு பிசைந்து போட்டு ஆளாக்கியவள் அம்சா. அவனை விட்டால் அவளுக்கும் வேறு யாரும் இல்லை. விளையாட்டை விடு என்றால் கேட்கிற ஆளில்லை அவன். சரி, அவனை மாற்ற முடியாது, ஆற்றையாவது சுத்தம் பண்ணுவோம் என்று இறங்கிவிட்டாள்.

மரக்கடை ஜாஃபர் தன் லோடு ஆட்டோவில் ரம்ப மெஷினும் கயிறும் வெட்டுக்கத்தியும் ஏற்றிக்கொண்டு வந்து சேர்ந்தார்.

"பாய், நீங்களா அடுக்கினீங்க?"

"நான் இப்பத்தானம்மா வந்துக்கினு இருக்கேன்." கிட்டே போய்க் குனிந்து பார்த்தார். "இத்தனையும் இழுத்திருந்தா மணல்ல தடம் இருக்கணுமே. உன் செருப்புத் தடம் மட்டும்தான் இருக்குது." ஒரு கட்டையின் பக்கவாட்டைத் தடவினார். "கத்தி பட்ட மாதிரியும் தெரியல. முறுக்கிப் பிச்சிருக்காங்க."

விஷால் சிரித்துக்கொண்டே போனை எடுத்தான். "எல்லாம் நீ அனுப்பின வாய்ஸ் மெசேஜ் பண்ற வேலை. அதட்டலப் பாரு." அழுத்தினான். காற்றிரைச்சலுக்கு நடுவே அம்சாவின் குரல் வந்தது.

"சிவப்பு நூல் கட்டின ஒரு கட்டைகூட விடக்கூடாது. கிளையெல்லாம் கழிச்சுத் தனியா போட்டுடணும். கட்டையை மட்டும் அடுக்கணும். புரிஞ்சுதா?"

நேற்று இருட்டுகிற நேரத்தில் தண்ணீருக்குள் நின்றுகொண்டு பேசியது. காற்று சத்தம் அதிகமாகிவிட்டது என்று திரும்பத் திரும்பப் பதிவு செய்திருந்தாள். ஒரு ஈ காக்கை இல்லாத ஆற்றைப் பார்த்து அத்தனை தடவை கட்டளை போட்டதை நினைத்து இப்போது வெட்கமாக இருந்தது. மெசேஜ் அங்கே முடிந்திருக்க வேண்டும். முடியவில்லை. 'புரிஞ்சுதா' என்று அவள் கேட்ட பிறகு, கொஞ்சம் காற்று, அப்புறம் கட்டையோடு கட்டை இடிக்கிற ஒரு சத்தம். டொக்.

நேற்று அந்தச் சத்தத்தைக் கேட்ட ஞாபகம் அவளுக்கு இல்லை. ஏதாவது தண்ணீரில் மோதியிருக்கும் என்று சொல்லிக்கொண்டாள்.

வேலை கிடந்தது. அவள் கணக்கு எழுதுகிற சாயப்பட்டறையிலிருந்து கழிவாகப்போன சிவப்புப் பட்டு நூலை இன்னொரு சிட்டம் கொண்டுவந்திருந்தாள். மிச்சக் கட்டைகளுக்குக் கட்டியது போக, நாளைக்கு வருகிறவர்கள் மணிக்கட்டிலும் ஆளுக்கொரு நூல் கட்டிவிட்டால் நம்ம ஆள் யாரென்று தெரியும், பேட்ஜ் அடிக்கிற செலவு மிச்சம். எப்படி இருக்கிறதென்று பார்க்க முதலில் விஷாலுக்குக் கட்டினாள். தன் கையிலும் ஒன்று. ஜாஃபரும் கையை நீட்டினார்.

"என்னையும் கட்டையோட கட்டையா சேர்த்துட்டியாம்மா" என்றார். "சரி போ. இந்தக் கட்டை சாயற வரைக்கும் உனக்கு ஓசி வேலைதான்."

மண்பாதை முனை டீக்கடையிலிருந்து கூடவே ஓடிவந்த டீசல் என்ற கறுப்பு நாயின் கழுத்தில் விஷால் ஒரு நூலைக் கட்டிவிட்டான். நாய் தலையை உதறிவிட்டு அடுக்குக்குப் பின்னால் ஓடிப்போனது.

வெயில் சாய்ந்தது. வாடைக்காற்று நிதானமாக வீச, விஷாலின் நீலக் காத்தாடி மேலே ஏறியது. கட்டை எடுத்துச் சுத்தமான பக்கமாகவே அவன் போவதும் வருவதுமாக இருந்தான். பலகை தண்ணீரைக் கிழிக்கிற சீறல் தூரத்துக்குப் போய்த் திரும்பி வந்தது. ஜாஃபர் மெஷினைத் தூக்கிக்கொண்டு அடுக்கின் மறுபக்கம் போனார். அம்சா மணலில் உட்கார்ந்து நாளைக்கான நூலைத் துண்டு துண்டாகக் கத்தரித்துக்கொண்டிருந்தாள். ஈரப் பட்டையின் வாசனையும் சேற்று வாசனையும் ஆற்றில் எப்போதும் இருப்பதுதான். அதற்கடியில் இன்னொன்று மெல்ல மெல்லக் கலந்து வருவதை அவள் மூக்கு முதலில் ஒப்புக்கொள்ளவில்லை. ஞாயிற்றுக்கிழமை காலையில் கறிக்கடை வாசலில் வரிசையில் நிற்கும்போது வருகிற வாசனை அது.

டொக்.

நிமிர்ந்தாள். அடுக்கு அப்படியேதான் இருந்தது. மேல் வரிசையின் ஓரத்தில் மட்டும் குட்டையாக ஒன்று, கறுப்பாக, ஈரமாக. அது முதலிலிருந்தே இருந்ததா என்று யோசித்தபடி எழுந்து போனாள். கிட்டே போகப் போகப் பட்டை முடியாகத் தெரிந்தது. முடிக்குள் சிவப்பு நூல். டீசலின் வாய் திறந்திருந்தது. நான்கு கால்களும் வாலும் இல்லை. இருந்த இடங்கள் முறுக்கிப் பிய்த்திருந்தன. கால்கள் கிளைக் குவியலில் இருந்தன, நகங்கள் ஆற்றைப் பார்த்தபடி.

"பாய்" என்று கூப்பிட்டாள். மறுபடி கூப்பிட்டாள்.

மறுபக்கம் ரம்ப மெஷின் ஓடுகிற சத்தம் கேட்டது. எதையும் அறுக்காமல், சும்மா. சுற்றிக்கொண்டு போனாள். மெஷின் மணலில் கிடந்து தானாக அதிர்ந்துகொண்டிருந்தது. பக்கத்தில் ஒரு செருப்பு. கொஞ்சம் தள்ளி இன்னொன்று. இரண்டுக்கும் நடுவில் மணல் கறுத்து நனைந்திருந்தது. ஜாஃபர் கத்தவே இல்லையே என்று நினைத்தாள். கத்தியிருப்பார். மெஷின் சத்தத்தில் கேட்டிருக்காது.

அவரை அடுக்கில் கண்டுபிடிக்க நேரமானது. அவ்வளவு ஒழுங்காக வைத்திருந்தது. கட்டம் போட்ட சட்டை இரண்டு பனந்துண்டுகளுக்கு நடுவில் இறுகியிருந்தது. கையும் இல்லை, காலும் இல்லை. கண் மட்டும் இன்னும் அவளைப் பார்த்தது. இமைத்தது. அப்புறம் இமைக்கவில்லை.

கிளைக் குவியலில் ஒரு முழுக்கைச் சட்டையின் கை கிடந்தது. அதன் நுனியில் மணிக்கட்டு. மணிக்கட்டில் அவள் போட்ட முடிச்சு.

அப்போதுதான் புரிந்தது. அவள் சொன்னதை யாரோ கேட்டிருக்கிறார்கள். சொன்னதைச் சொன்னபடி செய்கிறார்கள்.

விஷால்.

விஷால் கையில் நூல்.

தண்ணீரை நோக்கி ஓடினாள். அவன் நடுத் தண்ணீரில் இருந்தான், காத்தாடி அவனை அக்கரைப் பக்கம் இழுத்துக்கொண்டு போனது. அப்படியே போய்விட்டால்கூடப் போதும். ஆனால் அவன் திரும்பப் போகிறான், எப்போதும் போல இந்தப் பக்கம் வரப்போகிறான். கையை ஆட்டினாள். தன் மணிக்கட்டைத் தூக்கிக் காட்டினாள். இருந்த மூச்சையெல்லாம் சேர்த்துக் கத்தினாள்.

"விஷாலு, நூலை அறுத்துடுடா. நூலை அறுத்துடு."

அவன் கேட்டான். காற்றிலும் கேட்டான். சத்தியம் செய்து கொடுத்தவன். யோசிக்கவே இல்லை. கை இடுப்புக்குப் போனது, கத்தி ஒருமுறை மின்னியது, காத்தாடியின் நூல்கள் ஒவ்வொன்றாகத் தெறித்தன. நீலக் காத்தாடி மடங்கிப் புரண்டு அக்கரைப் பனைகளுக்கு மேலே போய்விட்டது. இழுக்க ஒன்றும் இல்லாமல் அவன் இடுப்பளவுத் தண்ணீரில் எழுந்து நின்றான். இரண்டு கைகளையும் விரித்துக் காட்டினான்.

"அறுத்துட்டேன்க்கா. இன்னாச்சு?"

விரித்த கையில் சிவப்பு நூல்.

"அது இல்லடா" என்றாள். "அது இல்ல."

அவன் கை தானாக முன்னால் நீண்டது. அதை அவன் வேடிக்கையாகப் பார்த்தான். அப்புறம் தண்ணீர் அவன் தலைக்கு மேல் மூடிக்கொண்டது. மூடிய இடத்திலிருந்து ஒரு கோடு கரையை நோக்கி வேகமாக வந்தது. அவள் குறுக்கே பாய்ந்தாள். பிடித்துவிட்டாள். அவனுடைய நூல் கட்டாத இடது கையை, இரண்டு கையாலும், முழங்கைக்கு மேலே. அவன் முகம் தண்ணீரை விட்டு வெளியே வந்தது. "அக்கா விடாத" என்றான். அவள் விடவில்லை. குதிகாலை மணலில் ஊன்றிக்கொண்டு பின்னால் சாய்ந்தாள். அந்தப் பக்கம் இழுத்தது. அவள் இந்தப் பக்கம் இழுத்தாள். அவன் கத்தினான். இழுப்பு நின்றது.

நின்றது ஒரு கணம்தான். கரும்பை முறுக்குவது போல முறுக்கியது.

மல்லாந்து விழுந்தாள். அவன் கை அவள் கையில் இருந்தது. அவன் இல்லை.

அவன் கத்துவது அடுக்கின் பக்கம் கேட்டது. முறிகிற சத்தம். கத்தல். முறிகிற சத்தம். அப்புறம் கத்தல் இல்லை.

டொக்.

எவ்வளவு நேரம் அந்தக் கையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாளோ. மேற்கே வெளிச்சம் வற்றிக்கொண்டிருந்தது. யாரோ நயமாக எடுத்துக்கொள்வது போல அந்தக் கை அவள் மடியிலிருந்து நழுவி, மணலில் தடம் விடாமல், கிளைக் குவியலுக்குப் போனது.

அவளுடைய மணிக்கட்டு அரித்தது.

பார்த்தாள். நனைந்த பட்டு. முடிச்சு சதைக்குள் இறங்கியிருந்தது. நகத்தால் பிராண்டினாள். கடித்தாள். பட்டு நூல் பல்லுக்கு அறாது, அது அவளுக்குத் தெரியும், இருந்தும் கடித்தாள். வாயில் தன் ரத்தமே உப்புக் கரித்தது. கத்தரிக்கோல் எங்கோ மணலில் கிடந்தது. தேட நேரமில்லை. கை நீண்டது.

இழுத்தது.

முகம் மணலில் தேய, அவள் போனாள். இன்னொரு கையால் எதையாவது பிடிக்கப் பார்த்தாள். மணல். மணல். மரப்பிடி. ஜாஃபரின் வெட்டுக்கத்தி. நூல் எலும்பை ஒட்டிப் புதைந்திருந்தது. அதை மட்டும் தனியாக வெட்ட வழியே இல்லை. அடுக்கின் அடிக்கட்டையில் மணிக்கட்டு மோதி நின்றது. இடது கை. போகட்டும்.

ஓங்கினாள். முதல் வெட்டு எலும்பில் நின்றது. இரண்டாவது போனது.

இழுப்பு போய்விட்டது. ஒரேயடியாக, யாரோ கைவிட்டது போல. துப்பட்டாவைச் சுற்றி வாயால் இறுக்கிக்கொண்டு எழுந்தாள். ஸ்கூட்டி தெரிந்தது. மண்பாதை தெரிந்தது. அதற்கப்பால் ஐயம்பேட்டை ரோட்டில் பஸ் போகிற வெளிச்சமும் தெரிந்தது. உயிரோடு இருக்கிறேன் என்று நினைத்தாள். நினைத்தது கேவலமாக இருந்தது. இருந்தாலும் நடந்தாள்.

பின்னால் சரசரவென்று கிளைகளை ஒதுக்குகிற சத்தம்.

பார்க்கக் கூடாது என்று தெரியும். பார்த்தாள். கிளைக் குவியலின் உச்சியில் அவளுடைய கை, விரல்கள் ஆற்றைப் பார்த்தபடி பாந்தமாக வைக்கப்பட்டிருந்தது. அடுக்கின் மேல் வரிசையில் விஷால். விலாவில் தையல் தழும்பு அந்த வெளிச்சத்திலும் தெரிந்தது. அவனுக்குப் பக்கத்தில் ஓர் ஆள் கொள்கிற அளவுக்கு இடம் விட்டிருந்தது.

ஒரு கிளை கழித்தாயிற்று. கட்டை இன்னும் மணலில் நின்றுகொண்டிருந்தது.