மூச்சு இருக்கும் பக்கம்

அவளே உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, அவளே வெள்ளை அடித்த சுவர், கைக்குச் சொரசொரவென்று பட்டது.

தண்ணீர்ச் சொம்போடு கட்டிலைச் சுற்றி வரும்போது பழக்கதோஷத்தில் உள்ளங்கையால் ஒரு தடவு தடவினாள், அவ்வளவுதான். பெயிண்ட் வேலை பார்க்கிறவர்கள் கண்ணைவிடக் கையைத்தான் நம்புவார்கள். வெள்ளைக்கு அடியில் பூசிய பட்டி சரியாகக் காயவில்லையோ, மழை ஈரத்தில் உப்புப் பூத்துவிட்டதோ என்று நினைத்துக்கொண்டே கையை எடுத்தாள். சுவரிலிருந்து மணல் கொஞ்சம் கையோடு வந்தது. சன்னல் பக்கம் போய், மங்கிக்கொண்டிருந்த மாலை வெளிச்சத்தில் உள்ளங்கையை விரித்துப் பார்த்தாள்.

மணல் நடந்தது.

பெயிண்ட் கரைக்கும் தின்னர் டப்பாவுக்குள் கையை முக்கி எடுத்தாள். பொடி உண்ணிகள். நாய் இருந்த காலத்தில் அவள் பார்த்தவையெல்லாம் கடலைப்பருப்பு அளவுக்கு ஊதிப்போனவை. இவை கடுகில் பாதிகூட இல்லை.

"சின்ன மேஸ்திரி," என்று கட்டிலிலிருந்து முனகினான் கணவன். இருவரும் ஒரே ஏணியில் வேலை பார்க்கிறவர்கள். அவன் மேஸ்திரி என்றால் அவள் சின்ன மேஸ்திரி. "குளிருதுடீ. அந்த ஃபேனை நிறுத்தேன்."

"கரண்ட் போயி எவ்வளவு நேரமாச்சு. ஃபேன் எங்க ஓடுது?"

"அப்ப நான்தான் சுத்துறேன் போல."

சிரிக்கப் பார்த்தான், பாவம், பல் கிட்டிக்கொண்டது. அவன் மணிக்கட்டிலும் உள்ளங்கையிலும் சிவப்புச் சிவப்பாய்ப் பொட்டுகள். காலையில் அவற்றைப் பார்த்தபோது வேலையில் தெறித்த பெயிண்ட் என்றுதான் நினைத்தாள். தின்னர் துணியால் அழுத்தி அழுத்தித் துடைத்தாள். போகவில்லை. தோல் உரிகிற அளவுக்குத் துடைத்த பிறகுதான், அவை தோலுக்கு மேலே இல்லை என்று அவளுக்கு உறைத்தது.

ஆஸ்பத்திரிக்குப் போன் போட்டுக் காய்ச்சலையும் பொட்டுகளையும் சொன்னதும் நர்ஸ் அம்மாவின் குரல் மாறிவிட்டது. "உண்ணி ஏதும் கடிச்சுதாம்மா? வீட்டுல நாய் இருக்கா?"

"நாயை அனுப்பி ரொம்ப நாளாச்சு சிஸ்டர். எங்க அண்ணன் வீட்டுக்கு. ஆனா சுவத்துல பொடிப்பொடியா ஊருது."

"இது உண்ணிக் காய்ச்சல் மாதிரி தெரியுது. மருந்து இருக்கு, ஆனா இன்னைக்கே உள்ள போகணும். வண்டி அனுப்பிட்டேன். பாலத்துல தண்ணி ஏறிருக்கு, சுத்தித்தான் வரும். அதுவரைக்கும் இன்னொரு கடி படாம பாத்துக்கங்க. அந்த உடம்பு தாங்காது."

அண்ணனுக்குப் போன் போட்டாள். அவன் வீடு வெளியூரில். "நாய் ஜம்முனு இருக்கு. இங்க வந்த அன்னைக்கே தடவிப் பாத்தேன், மேல ஒண்ணுகூட இல்ல. எல்லாம் அங்கேயே குடித்தனம் வச்சிருச்சு போல," என்று சிரித்தான்.

அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. போனைக் கையில் வைத்துக்கொண்டு சுவரையே பார்த்தாள். வயிறு நிறைந்தவை நாயைவிட்டு இறங்கி, சுவரேறி, கூரையோரத்துச் சந்துகளில் முட்டையிட்டிருக்கின்றன. அந்தச் சந்துகளுக்கெல்லாம் பட்டி வைத்து, மேலே வெள்ளை அடித்து, இனித் தொல்லை இல்லை என்று கையைத் தட்டிக்கொண்டவள் அவள்தான். அடைத்த பட்டி காயக் காயச் சுருங்கி, மயிரிழை மயிரிழையாக வெடித்திருந்தது. உள்ளேயிருந்து பசியோடு வெளியே வந்தவற்றுக்கு வீட்டில் இப்போது நாய் இல்லை. மனிதர்கள்தான் இருந்தார்கள்.

அவன் அக்குளில் கைகொடுத்துத் தூக்கிப் பார்த்தாள். ஆள் பருமன், நிற்கும் முன்பே முழங்கால் மடங்கி, அவளையும் இழுத்துக்கொண்டு மெத்தையில் சரிந்தான். மாடி அறை, வெளியே வழுக்கும் இரும்புப் படி, கீழ்வீடு காலி. கத்திப் பார்த்தாள். மழைதான் பதில் சொன்னது.

சரி, தெரிந்த வேலையைச் செய்வோம் என்று கட்டிலை அறையின் நடுவுக்கு இழுத்தாள். கால் நான்கையும் காலி பெயிண்ட் டப்பாக்களில் நிறுத்தித் தின்னரை ஊற்றினாள். போர்வையை உதறி, அவன் உடம்பைத் தலைமயிர் முதல் கால்விரல் இடுக்குவரை போன் வெளிச்சத்தில் தேடினாள். எதுவும் இல்லை. ஒரு டப்பாவின் விளிம்பில் மட்டும் ஒன்று நின்றிருந்தது. குனிந்து பார்த்தபோது அவள் மூச்சு அதன்மேல் பட்டது.

அது முன்கால் இரண்டையும் தூக்கியது. கைக்குழந்தை தூக்கச் சொல்லிக் கையை நீட்டுமே, அப்படி.

அவள் மூச்சைப் பிடித்தாள். கால்கள் இறங்கின. விட்டாள். ஏறின.

அப்போதுதான் அந்த ஓசை கேட்டது. மழையில்லை. மழைக்கு உள்ளே, மிக மெல்லியதாக, உலர்ந்த சருகை யாரோ விரலால் தேய்ப்பதுபோல. தலைக்கு மேலே.

வெளிச்சத்தைத் தூக்கினாள்.

சீலிங்கில், அவன் முகத்துக்கு நேர் மேலே, தட்டளவுக்கு ஒரு கறுப்பு வட்டம். அவன் மூச்சு விட்டால் விரிந்தது. இழுத்தால் சுருங்கியது.

கட்டிலை இழுத்தாள். டப்பாக்கள் கவிழ்ந்தன. தின்னர் ஓடியது. வட்டம் கூடவே நகர்ந்தது. இந்தப் பக்கம் இழுத்தாள். இந்தப் பக்கம் வந்தது. ஒன்று உதிர்ந்தது, போர்வையில். நசுக்கினாள். இன்னொன்று, தலையணையில். நசுக்கினாள்.

போர்வையை இழுத்து அவன் முகத்தை மூடினாள். அவன் திணறினான். விலக்கினாள்.

வண்டி வரவில்லை.

அவனைவிட்டு விலகி, எதிர்ச் சுவர் மூலைக்குப் போய் உட்கார்ந்தாள். முதுகைச் சுவரில் ஒட்டினாள். முதுகுக்குப் பின்னால் சுவர் ஊர்ந்தது. அசையவில்லை. வாயைத் திறந்தாள். நெஞ்சு கொள்ளுமட்டும் இழுத்து, ஹா என்று விட்டாள். மறுபடி. ஏணியில் பத்து மாடி ஏறினவள் மாதிரி. அவனுடைய மூச்சு சின்னது, மேலோட்டமானது. தன்னுடையது பெரிது. தன்னுடையது சூடு. வாங்க. இங்க வாங்க.

வட்டத்தின் ஓரம் கலைந்தது.

ஒரு கோடு பிரிந்தது. சீலிங்கைக் கடந்தது. பிறகு அகலமாக. பிறகு எல்லாமே. மூலையில் மடங்கி, சுவரில் இறங்கி, அவள் தலைக்கு மேலே வந்து தேங்கின.

தூரத்தில் எங்கேயோ வண்டிச் சத்தம் போலிருந்தது. மழையாகவும் இருக்கலாம்.

கட்டிலில் அவன் கண்ணைத் திறந்து மேலே பார்த்தான்.

"சீலிங் பளிச்சுனு இருக்குடீ," என்றான், தெளிவாக. "ஒரு புள்ளி இல்ல. அருமையா அடிச்சிருக்க. என்ன, பேச மாட்டியா?"

முதல் உண்ணி அவள் கன்னத்தில் இறங்கிக் கீழுதட்டில் ஏறி நின்று, முன்கால்களைத் தூக்கியது.

அவள் வாயை இன்னும் அகலமாகத் திறந்தாள்.