பங்காஸ் வீட்டுக் கதவு

"கிக்-கிக்!" என்று கத்தியது கெதுப்போங். அதுவும் இடப்பக்கத்து மூங்கில் புதரிலிருந்து!

படகில் அமர்ந்திருந்த ஆறு பிள்ளைகளும் துடுப்புகளைக் கீழே வைத்தார்கள். கெதுப்போங் விரல் நீளமே உள்ள மரங்கொத்திதான். ஆனால், புறப்படும் வேளையில் அது இடப்பக்கம் கத்திவிட்டால், ஊரே ஒரே கூரையின் கீழ் வாழும் அந்த நீள்வீட்டில் எவரும் படகை எடுப்பதில்லை. வலப்பக்கமிருந்து வேறொரு பறவை நல்ல குரல் கொடுக்கும்வரை காத்திருக்க வேண்டும்.

"போச்சு! போன வருஷமும் இதே பறவை, இதே புதர்!" என்றான் லாஜாங்.

சென்ற ஆண்டும் இதே படகுப் போட்டிக்குக் கிளம்பி, அப்படிக் காத்திருந்ததில், போட்டி முடிந்தபிறகே போய்ச் சேர்ந்தார்கள். அன்றுமுதல் எதிரணியான கீழ்க்கரைப் பிள்ளைகள் இவர்களைக் கண்டாலே, "கிக்-கிக்! ஓடுங்க, ஓடுங்க!" என்று கேலி செய்தார்கள்.

"தாத்தா, சேகண்டிய அடிச்சுச் சத்தம் போட்டுக்கிட்டே போயிடலாமா?" என்று கேட்டான் லாஜாங்.

"முன்னாடியே அடிச்சிருக்கணும்டா. காதுல விழுந்தது விழுந்ததுதான்," என்றார் கரையில் நின்ற நீள்வீட்டுத் தலைவர் சங்காவ்.

படகின் முனையிலிருந்த லுலோங் எழுந்து நின்றாள். அவளுக்குப் பதினொரு வயது.

"அந்தப் பெரிய மரங்கொத்தி, பங்காஸ், வலப்பக்கம் கத்தினா போதுமா தாத்தா?"

"அதைவிட நல்ல சகுனம் ஏது? ஆனா அது எப்ப வருமோ!"

"இங்க வரவே வராது. கெதுப்போங் புதர்க்காரன். பங்காஸ் பெருங்காட்டுக்காரன். நான் கீரை பறிக்கப் போற வழியில, வலப்பக்கம் ஒரு பட்டமரம் இருக்கு. அதுலதான் அதோட பொந்து. அந்த வழி ஆத்து வளைவுக்கு அந்தப் பக்கம் போய் இறங்குது. படகைத் தூக்கிக்கிட்டு நாமளே போயிடுவோம்!"

"படகு நம்மைச் சுமக்கும்னு பாத்தா, நாம படகைச் சுமக்கணுமா?" என்று முனகிய லாஜாங்தான் முதலில் தோள் கொடுத்தான்.

தலைவரும் உடன் நடந்தார். பட்டமரம் வந்தது. தோள்கள் வலித்தன, வியர்வை சொட்டியது. பறவையின் குரல் மட்டும் கேட்கவில்லை.

"வீட்ல ஆள் இல்ல போல," என்றான் லாஜாங்.

லுலோங் துடுப்பின் பிடியால் மரத்தைத் தட்டினாள். டொக், டொக், டொக்!

தன் மரத்தை வேறெவனோ கொத்துகிறான் என்றெண்ணிய பங்காஸ், செந்நிறத் தலையை நீட்டிக் காடே அதிரக் கத்தியது. வலப்பக்கத்திலிருந்துதான்!

"ஏ பொண்ணே! நீயே கூப்பிட்டா அது சகுனமா?" என்று முறைத்தார் தலைவர்.

"நான் கதவைத்தான் தட்டினேன் தாத்தா. பதில் சொன்னது வீட்டுக்காரர்."

தலைவர் தாடையைத் தடவினார். பிறகு காடு முழுக்கக் கேட்கும்படி சிரித்தார்.

"வீட்டுக்காரரே சொல்லிட்டா அப்பீல் ஏது? ஓடுங்க, ஓடுங்க!"

நீண்ட வளைவைக் காட்டுவழி மிச்சப்படுத்திவிட்டதால், போட்டி தொடங்கும் முன்பே அவர்கள் துறையில் இருந்தார்கள். முடிந்தபோதோ, கீழ்க்கரைப் படகைவிட அரைப் படகு நீளம் முன்னால் இருந்தார்கள்! கரையில் எவரும் "கிக்-கிக்" என்று கத்தவில்லை.

மாலையில் அவர்கள் கோப்பையுடன் ஆற்றின் வழியே துடுப்புப் போட்டுத் திரும்பினார்கள். தங்கள் துறையை நெருங்கியபோது மூங்கில் புதர் குரல் கொடுத்தது.

"கிக்-கிக்!"

ஆறு துடுப்புகளும் நின்றன. லுலோங் திரும்பிப் பார்த்தாள், முகம் மலர்ந்தது.

இப்போது அது வலப்பக்கம்!