குட்டித்தோல்

நர்கீஸ் மவுஸிலிருந்து கையை எடுத்து மடியில் வைத்த பிறகும், திரையில் துப்பாக்கி முனை ஒரு மயிரிழை இடப்பக்கம் திரும்பியது.

முதலில் அவள் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. மவுஸ் என்றால் ஏதாவது ஒரு கோளாறு இருக்கத்தான் செய்யும். செட்டிங்ஸைத் திறந்து பார்த்தாள். சென்சிட்டிவிட்டியை, அதாவது கை இவ்வளவு நகர்ந்தால் துப்பாக்கி எவ்வளவு திரும்ப வேண்டும் என்ற அளவை, இன்னும் ஒரு படி குறைத்தாள். மேஜை விரிப்பை உதறிப் போட்டாள், வயரை நேராக்கினாள், மின்விசிறியைக்கூட நிறுத்தினாள். விசிறி நின்றதும் பேகம்பூர் வெயில் அறைக்குள் கனமாக இறங்கி உட்கார்ந்தது, அதோடு அந்த நாற்றமும் மெல்ல எழுந்தது: நனைந்த ஆட்டின் நாற்றம், அதற்கடியில் திரிந்த பாலின் புளிப்பு. துப்பாக்கி முனை இடப்பக்கம் போனது, திரும்பி வந்தது. மறுபடியும் போனது, வந்தது.

"என்னடி, ரூமுக்குள்ள இம்புட்டுக் கவிச்சி அடிக்கிது? எலி கிலி செத்துக் கெடக்கா?" கல்யாண வீட்டுக்குப் புறப்பட்டு நின்ற அம்மா முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு வாசலிலேயே நின்றாள்.

"ஒண்ணுமில்லம்மா. நீ போயிட்டு வா."

அம்மா போனதும் நர்கீஸ் கதவைத் தாழ் போட்டாள். இன்று மாலை ஆட்டத்தில் ஜெயித்தால் ஆனந்த்ராஜின் ஆன்லைன் கேம் அணியில் ஐந்தாவது இடம் அவளுக்கு. செம்பட்டிக்காரன் ஆனந்த்ராஜ் ஒருவனுக்கு ஒரு தடவைதான் வாய்ப்புக் கொடுப்பான். அவளுக்கு மட்டும் இது இரண்டாவது தடவை. மூன்றாவது கிடையாது என்று முகத்துக்கு நேராகவே சொல்லிவிட்டான்.

முதல் தடவை அவளைக் கவிழ்த்தது அவளுடைய உள்ளங்கை. வேர்க்கும். சாதாரணமாக இல்லை, ஊற்றும். பள்ளிக்கூடத்தில் பரீட்சைத் தாள் நைந்துபோகும். அவள் கையைத் தொட்ட பிள்ளைகள் உடனே பாவாடையில் துடைத்துக்கொள்வார்கள். அந்தக் கையை அவளுக்கே பிடிக்காது. மவுஸ் வழுக்குகிறதே என்று கன்ட்ரோலருக்கு மாறிப் பார்த்தாள். கட்டைவிரல் குச்சியை விட்டு வழுக்கியது. எத்தனை எண்களை மாற்றி வைத்தாலும் ஈரக் கைக்கு ஏற்ற எண் எதுவும் செட்டிங்ஸில் இல்லை.

அதனால்தான் போன வாரம் தோல் பதனிடும் ஷாப்பில் மேஸ்திரியாக இருக்கும் அப்பாஸ் மாமாவிடம் போனாள். வேர்வையை உறிஞ்சுகிற மாதிரி மெல்லிய தோல் வேண்டும், மவுஸ் மேல் ஒட்ட. மாமா ஒரு வாளியைக் காட்டினார். உள்ளே வெளுத்த, கொழகொழவென்ற ஒன்று மிதந்தது.

"குட்டித்தோலு. தாயாட்ட அறுக்கயில வயித்துக்குள்ள கெடந்துச்சு. பொறக்காத குட்டி. பட்டு மாதிரி இருக்கும், தண்ணியக் காட்டுனா குடிச்சிரும். ஆனா இப்பத் தொடாத. முடி மட்டுந்தேன் எடுத்திருக்கு, பதம் ஏறல. ரெண்டு வாரங் கழிச்சு வா."

"இப்பவே ஒட்டுனா என்னாகும் மாமா?"

"வேணாம்மா. பதம் போடாத வரைக்கும் அது ஆட்டோட ஒடம்புதேன்."

இரண்டு வாரம் யாரால் பொறுக்க முடியும்? மாமா போன் பேச வெளியே போன நேரத்தில் உள்ளங்கை அகலத்துக்கு வெட்டி, கேரி பேக்கில் போட்டுக்கொண்டு வந்துவிட்டாள். பசை தடவி மவுஸ் முதுகில் ஒட்டினாள்.

சொன்னால் நம்பமாட்டார்கள், அன்றைக்கே கை வழுக்காமல் நின்றது. வேர்வை சுரக்கச் சுரக்கத் தோல் குடித்துவிடும்; கையை எடுத்தால் உள்ளங்கை காய்ந்து, வெளுத்து, சுருங்கிக் கிடக்கும். ஒரே குறை, துப்பாக்கி அவளைவிட வேகமாகத் திரும்பியது. சென்சிட்டிவிட்டியைக் குறைத்தாள். மறுநாளும் அதே வேகம். மறுபடி குறைத்தாள். இப்போது அந்த எண் அடிமட்டத்தில் நிற்கிறது, அதற்குக் கீழே எண்ணே இல்லை. அப்படியும் அவள் நினைக்கும் முன்பே துப்பாக்கி திரும்பிவிடுகிறது. இப்போது கையே இல்லாமல் திரும்புகிறது.

சென்சாரில் தூசி இருக்கும் என்று மவுஸைப் புரட்டினாள். அடிப்பக்கம் சிவப்பு விளக்கு எரிகிற அந்தச் சின்ன ஓட்டையின் விளிம்பில் மயிர். ஒன்று இரண்டல்ல, வரிசையாக, ஈரமாக. தோலை அவள் மேலே மட்டும்தான் ஒட்டியிருந்தாள். அது பக்கவாட்டில் வழிந்து, அடிவரைக்கும் வந்து, ஓட்டையைச் சுற்றி நின்றிருந்தது.

வாயைப் பொத்திக்கொண்டு, இடுக்கியால் ஒரு மயிரைப் பிடித்து இழுத்தாள். ஈ உட்கார்ந்தால் ஆட்டின் விலா சிலிர்க்குமே, அப்படித் தோல் முழுவதும் ஒரு தடவை சிலிர்த்தது. அவளுடைய உள்ளங்கையில் சுருக்கென்று வலித்தது.

மவுஸை மேஜையில் போட்டுவிட்டு எழுந்து சுவரோடு ஒட்டி நின்றாள். தூக்கி எறிய வேண்டும், சாக்கடையில் போட வேண்டும், கையை டெட்டால் ஊற்றிக் கழுவ வேண்டும். பழைய மவுஸை எடுத்து மாட்டினாள். பத்து நொடியில் கை ஊற்றெடுத்தது. மவுஸ் விரலிடுக்கில் நழுவ, துப்பாக்கி வானத்தைப் பார்த்தது.

ஹெட்செட்டில் ஆனந்த்ராஜின் குரல் வந்தது. "நர்கீஸு, என்ன வானத்துல காக்காயா சுடுற? அஞ்சு நிமிசத்துல மேட்ச். முடியாதுன்னா இப்பவே சொல்லிரு, வேற ஆளப் போட்டுக்கிறேன்."

அவள் மேஜைமேல் கிடந்த தோல் மவுஸைப் பார்த்தாள். அது வெயிலில் லேசாக ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. தூங்குகிற மாதிரி.

"முடியும்ணே," என்றாள். அருவருப்பில் உடம்பு கூச, பழையதைப் பிடுங்கிவிட்டு அதை மாட்டினாள். இன்னும் ஒரே ஒரு ஆட்டம், அப்புறம் எரித்துவிடலாம் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு உள்ளங்கையை அதன்மேல் வைத்தாள். சூடாக இருந்தது.

ஆட்டம் தொடங்கியது. கதவு மூலையில் ஒருவன். அவள் பார்ப்பதற்குள் விழுந்தான். மாடியில் ஒருவன், விழுந்தான். "அடேயப்பா, அடிச்சு நொறுக்கு!" என்று ஆனந்த்ராஜ் கத்தினான். அவளுக்குச் சிரிப்பு வந்தது, உண்மையாகவே சந்தோஷமாக இருந்தது.

அப்போதுதான் உள்ளங்கையில் அந்த இழுப்பு தொடங்கியது. மெத்தென்று ஏதோ கவ்வியது. நாக்கு போல ஒன்று தடவியது. பிறகு உறிஞ்சல். சின்னதாக ஒரு முட்டல். மறுபடி உறிஞ்சல். மடியை முட்டி முட்டிக் குடிக்கும் குட்டி.

விடு.

கை வரவில்லை. விரல்கள் மட்டும் அழுத்தின. சுட்டன. புளித்த பால் நாற்றம் தொண்டையில் இறங்கியது. திரையில் ஒருவர் பின் ஒருவராக விழுந்தார்கள். மணிக்கட்டு வெளுத்தது. முழங்கை வரை ஜில்லென்றது. உறிஞ்சல் நிற்கவில்லை.

ஆட்டம் முடிந்தது. ஜெயித்துவிட்டார்கள்.

"அந்த எடம் உனக்குத்தேன் நர்கீஸு! எவனுக்கும் இல்ல, உனக்குத்தேன்! அடுத்த மேட்ச் இப்பவே இருக்கு, ரெடி குடு!"

அவள் கையைத் தூக்கினாள். மவுஸும் சேர்ந்து வந்தது. தோலின் விளிம்பைத் தேடினாள். விளிம்பே இல்லை. அவளுடைய தோல் எங்கே முடிகிறது, அது எங்கே தொடங்குகிறது என்று தெரியவில்லை. புறங்கை முழுக்க வெள்ளை மயிர், ஈரமாக, ஒரே பக்கமாகப் படிந்து கிடந்தது.

அந்தரத்தில் தூக்கிய மவுஸ் எதையும் காணாது. ஆனாலும் திரையில் காட்சி நகர்ந்தது. அவள் அசைக்காத ஆள்காட்டி விரல் தானாக மடங்கி, ரெடி பொத்தானை அழுத்தியது.

பொழுது சாய, தூரத்துப் பள்ளிவாசலில் மகரிபு பாங்கு ஒலித்தது. நர்கீஸ் கையை மெல்லத் திருப்பினாள். அடிப்பக்கம் ஓட்டை மூடியிருந்தது. அதன்மேல் மெல்லிய தோல், உள்ளே எரிந்த விளக்கின் சிவப்பில் நரம்பு நரம்பாகத் தெரிந்தது. அது நடுவில் பிளந்தது. ஓரத்து மயிர்கள் ஒட்டி, இழுபட்டு, பிரிந்தன. உள்ளே மஞ்சளாக, நீர் கோத்து, படுக்கைவாட்டில் கறுப்புக் கோடு விழுந்த ஆட்டுக் கண்.

அது இப்படியும் அப்படியும் உருண்டு அவள் முகத்தைக் கண்டுபிடித்தது, அங்கேயே நின்றது. உள்ளங்கையில் மறுபடியும் முட்டிக் குடிக்கத் தொடங்கியது.