கெசியா பேசாத வாக்கியம்

மேசை ஓரத்தில் கிடந்த பழைய போன் தானாகப் பேசியபோது கெசியாவுக்கு முதலில் பயம் வரவில்லை, எரிச்சல்தான் வந்தது. பகல் முழுக்கத் தான் எழுதும் செயலியின் ஒரே ஒரு பொத்தானோடு மல்லுக்கட்டியிருந்தாள். அவளுடைய போனில் சமர்த்தாக இருக்கிற அந்தப் பொத்தான், தொழிலாளர்கள் வைத்திருக்கும் மலிவான போன்களில் மட்டும் திரைக்கு வெளியே போய் ஒளிந்துகொண்டது. ஒருவழியாக அதை உள்ளே இழுத்து உட்கார வைத்தால், தமிழ் எழுத்துகளில் கொம்பு ஒரு பக்கமும் கால் ஒரு பக்கமுமாகப் பிரிந்து நின்றன. அதையும் சரிசெய்துவிட்டு, யாருமில்லாத அறையில் தனக்குத்தானே ஒருமுறை கைதட்டிக்கொண்டு, டீ போட எழுந்த நேரம். வெளியே அவர்கள் குடியிருந்த சத்துவாச்சாரிப் பகுதி முழுவதும் மழையில் மங்கி, விளக்குப் போடலாமா வேண்டாமா என்று தயங்க வைக்கும் சாம்பல் வெளிச்சத்தில் கிடந்தது.

"ஒண்ணும் இல்ல. இறங்கலாம்."

அவளுடைய குரல்.

செயலியில் பேசுவது அவள் குரல்தான். செயலிக்கு ‘மூச்சு’ என்று பெயர். தோல் தொழிற்சாலைகளில் கழிவுநீர்த் தொட்டியைச் சுத்தம் செய்ய ஆட்கள் இறங்குமுன் ஒரு சிறு கருவியைக் கயிற்றில் கட்டி உள்ளே விடுவார்கள். விஷவாயு இருந்தால் கருவி போனுக்குச் சொல்லும். போன் ஆட்களுக்குச் சொல்லும். அதற்காகப் படுக்கையறையில், தெருச் சத்தம் கேட்காதபடி போர்வைக்குள் தலையை நுழைத்துக்கொண்டு, அவளே பதிவுசெய்திருந்தாள். "வாயு இருக்கு, இறங்காதீங்க." "வெளிய வாங்க, உடனே வெளிய வாங்க." அவ்வளவுதான். வாயு இல்லையென்றால் செயலி வாய் திறக்காது. இறங்கச் சொல்லும் உரிமையை ஒரு போனுக்குக் கொடுக்கவே கூடாது என்பதில் அவள் பிடிவாதமாக இருந்தாள்.

இப்போது கேட்ட வாக்கியத்தை அவள் ஒருநாளும் பேசியதில்லை.

போனைக் கையில் எடுத்தாள். திரை கறுப்பாக இருந்தது. பக்கவாட்டுப் பவர் பொத்தானை அழுத்திப் பிடித்தாள். சார்ஜ் தீர்ந்து எப்போதோ அணைந்துபோயிருந்தது.

அடுத்த அறையில் யாராவது பேசியிருக்கலாம் என்று நினைத்துக்கொள்ளப் பார்த்தாள். அடுத்த அறையில் யாரும் இல்லை. அம்மா டோரதிக்கு ஆஸ்பத்திரியில் பகல் ஷிப்ட்; முடிந்து இனிமேல்தான் வருவாள். அண்ணன் எபனேசர் ஆம்பூர் போயிருந்தான். இரண்டு பேர் மட்டுமே உள்ள அவர்கள் கம்பெனியில் கெசியா எழுதுவாள், எபனேசர் பேசுவான். முதலாளிகளைப் பார்ப்பது, கருவிகளை மாட்டுவது, புதிய பதிப்பை வெளியிடுவது எல்லாம் அவன் வேலை. அப்பா இறந்தபின் அவள் கண்ணை மூடிக்கொண்டு கைபிடித்து நடந்த ஒரே ஆள் அவன்.

செயலியைப் பயன்படுத்துகிற யாரையாவது கேட்டுவிட்டால், அவர்கள் போனிலும் இப்படிப் பேசுகிறதா என்று தெரிந்துவிடும். அவளுக்குச் சம்பத்தின் நினைவு வந்தது.

‘சும்மா சும்மா கத்துது, குப்பை ஆப்’ என்று யார் யாரோ ஒற்றை நட்சத்திரம் போட்டுவிட்டுப் போன காலத்தில், ஆம்பூருக்கு வெளியே ஒரு தொழிற்சாலையிலிருந்து சம்பத் என்கிற தொழிலாளி குரல் செய்தி அனுப்பினார். "மேடம், இன்னிக்கு உங்க குரல் கேட்டு மேலயே நின்னுட்டோம். சூப்பர்வைசர் ஒரே பேஜார் பண்ணாரு. பண்ணட்டும்னு நின்னோம்." அன்றைக்கு அதைத் திரும்பத் திரும்பப் போட்டுக் கேட்டாள். அதன்பின் அடிக்கடி அனுப்புவார். சில மாதங்களாக ஒன்றும் வரவில்லை. வேலையை விட்டுவிட்டு ராணிப்பேட்டைப் பக்கம் போய்விட்டார் என்று எபனேசர் சொல்லியிருந்தான்.

மறுபடி உட்கார்ந்து, தன் போனிலிருந்து சம்பத்தின் எண்ணுக்கு அழைத்தாள். ஒரு பெண் எடுத்தாள்.

"சம்பத் இருக்காருங்களா? நான் கெசியா. மூச்சு ஆப் செஞ்சவங்க."

அந்தப் பக்கம் மழைச் சத்தத்துக்கு நடுவே போனைக் காதோடு அழுத்துகிற சரசரப்பு கேட்டது.

"பேசுங்க," என்றாள் அந்தப் பெண். "இன்னும் கொஞ்சம் பேசுங்க."

"என்னங்க?"

"அதே குரல்தான்."

அவள் சம்பத்தின் மனைவி பூர்ணிமா. அழுது தீர்ந்துபோன குரலில் சொன்னாள். "அவரு போய்ட்டாருங்க. ஆடி மாசமே. தொட்டியில. போனு சொல்லுச்சாம், ஒண்ணும் இல்ல, இறங்கலாம்னு. இன்னாடா புதுசா பேசுதேன்னு கூட இருந்தவங்க யோசிச்சாங்களாம். இவருதான், அந்த மேடம் சொன்னா சரியாத்தான் இருக்கும்னுட்டு மொதல்ல இறங்குனாராம்."

கெசியா நாற்காலியைத் தேடினாள். உட்கார்ந்துகொண்டுதான் இருந்தாள்.

"உங்க அண்ணன் சாவுக்கு வந்தாருங்களே. மாலை போட்டாரு. உங்களுக்கு ஒடம்பு சரியில்லன்னாரு."

ஆடியில் ஒரு சாயங்காலம் எபனேசர் மக்கன் பேடா இனிப்பு வாங்கிக்கொண்டு வந்தது அவளுக்கு ஞாபகம் வந்தது. குளியலறையில் வெகுநேரம் காலைக் கழுவிக்கொண்டிருந்தான். பிறகு பக்கத்தில் உட்கார்ந்து, அவள் புதிதாகச் செய்த திரையைப் பார்த்து, நல்லா இருக்கு கெசி என்றான். இருவரும் பேடாவைப் பிட்டுத் தின்றார்கள்.

"மேடம், ஒண்ணு கேக்கட்டுங்களா? கோவிச்சுக்காதீங்க." பூர்ணிமா குரலைத் தாழ்த்தினாள். "தெனமும் வெளக்கு வெக்கிற நேரத்துக்கு எங்க வூட்டாண்ட வந்து ஏன் என்னைக் கூப்புட்றீங்க?"

"நானா?"

"பின்னாடி, தண்ணித் தொட்டியாண்ட. எம்பேரு சொல்லி. நான் போறதில்ல. கதவைத் தாப்பா போட்டுட்டு உக்காந்துக்குவேன். இன்னிக்கு இன்னும் கேக்கல. வேற எங்கியோ போயிருக்கு போல."

கெசியா பதில் சொல்ல வாயைத் திறந்தாள். குரலுக்குப் பதில் காற்றோடு கலந்த கரகரப்புதான் வந்தது. இணைப்பு அறுந்தது.

வாசலில் வண்டிச் சத்தம். எபனேசர் சொட்டச் சொட்ட நனைந்து உள்ளே வந்தான். அவளைப் பார்த்ததும் தலை துவட்டக் கையிலெடுத்த துண்டு அப்படியே நின்றது.

"சம்பத் வூட்டுக்குப் போன் பண்ணேன்," என்றாள். குரல் பாதி தேய்ந்து, வேறு யாரோ பேசுவதுபோல் இருந்தது.

அவன் மறுக்கவில்லை. மறுத்திருந்தால்கூடத் தேவலை என்று அவளுக்குத் தோன்றியது.

"ஓனருக்கு அலாரம் ஜாஸ்தி அடிக்குதுன்னு கோவம். எவ்ளோ வாயு இருந்தா அலாரம் அடிக்கணுமோ, அந்த அளவைக் கொஞ்சம் ஏத்தச் சொன்னாரு. ஏத்துனேன். அப்பவும் ஆளுங்க இறங்க மாட்டேன்னாங்க. போன் பேசாம இருந்தா நம்ப முடியாதாம். வாய் தொறந்து சொல்லணுமாம்."

"அதனால என் குரல்."

"நீ பேசி வெச்சதைக் குடுத்தா கம்ப்யூட்டரே மிச்சத்தைப் பேசிக் குடுக்குது. உன் குரல்னா நம்புவாங்க கெசி. உங்கிட்ட கேட்டா நீ ஒத்துக்க மாட்ட."

"ஒரு ஆள் செத்துட்டாரு அண்ணா."

"தெரியும்."

"எங்கிட்ட பேடா குடுத்த."

அவன் தரையைப் பார்த்தான். "உனக்கு எதுக்கு அந்தப் பாரம்னு…"

அப்போது மின்சாரம் போனது.

இருட்டு முழுதாக விழவில்லை. ஜன்னல்களில் இன்னும் சாம்பல் வெளிச்சம் ஒட்டியிருந்தது. மழை நின்றிருந்தது, எப்போது நின்றது என்று தெரியவில்லை. கூரையோரத்திலிருந்து சொட்டுகிற தண்ணீருக்கு அடியில், வீட்டின் பின்பக்கத்திலிருந்து, இரும்பு சிமெண்டில் உரசி நகரும் நீண்ட ஓசை வந்தது. கொல்லைப்புறத்தில் தரைக்கடியில் இருக்கும் தண்ணீர்ச் சம்ப்பின் மூடி. ஒரு ஆள் தனியாகத் தூக்க முடியாத மூடி. ஓசை நின்றது. அதைத் தொடர்ந்து வாடை வந்தது. சுண்ணாம்பில் ஊறிய தோலும் அழுகிய முட்டையும் கலந்த, ஆம்பூர்ப் பக்கம் போய்வந்தவன் சட்டையில் மெலிதாக ஒட்டியிருக்கும் அதே வாடை, இப்போது சமையலறை வழியாகத் தரையோடு தரையாக ஊர்ந்து, கணுக்காலில் ஏறி, நாக்கின் மேல் வந்து படிந்தது. எபனேசர் மூக்கைப் பொத்தினான். அவள் குமட்டினாள்.

பிறகு வாடை நின்றது.

சட்டென்று, ஒரு விளக்கை அணைத்ததுபோல.

செயலிக்காக அவள் முதன்முதலில் படித்துத் தெரிந்துகொண்டது அதுதான். அந்த வாயு அளவு மீறினால், முதலில் மூக்கைத்தான் கொல்லும். வாடை போய்விட்டதென்று தெம்பாக மூச்சை இழுப்பவன் அப்படியே விழுவான். அவள் அண்ணனின் கையைப் பற்றி வாசல் பக்கம் இழுத்தாள்.

"அண்ணா," என்று கூப்பிட்டது அவள் குரல். "இங்க வாயேன்."

கொல்லையிலிருந்து.

எபனேசர் அந்தப் பக்கம் திரும்பினான். கெசியா அவன் கண்ணெதிரே நின்றாள். உதடுகள் மூடியிருந்தன. அவன் கையைப் பிடித்திருந்தாள். அவன் அவளைப் பார்க்கவே இல்லை.

"நா கோவமா இல்ல," என்றது குரல். சின்ன வயதில் சண்டை போட்டு ராசியாகும்போது அவள் இழுக்கிற அதே இழுப்பு. "வா அண்ணா. பேசிக்கலாம்."

அவன் முகம் தளர்ந்தது. கண்ணில் நீர் கட்டியது. மன்னிப்புக் கிடைத்தவனின் முகம்.

"வர்றேன் கெசி."

அவள் கத்தினாள். சத்தம் வரவில்லை. மறுபடி கத்தினாள். தொண்டையில் கிழிகிற வலி மட்டும். அவன் இடுப்பைக் கட்டிப் பிடித்தாள். குழந்தையின் கையை விலக்குவதுபோல் மெதுவாக விலக்கிவிட்டு நடந்தான். சமையலறை. பின்கதவு. ஈரப் படி.

சம்ப் திறந்திருந்தது. உள்ளே தண்ணீர் இல்லை. அடி தெரியவில்லை.

அவன் விளிம்பில் உட்கார்ந்து காலைத் தொங்கவிட்டான். கீழே இருந்து இரண்டு கைகள் மேலே வந்தன. முழங்கை வரை நீலம். பதனிடும் குரோமியத் தண்ணீரில் ஊறிய தோலின் வெளிறிய, செத்த நீலம். இறங்குகிற ஆளுக்குக் கூட வேலை செய்கிறவன் கைகொடுப்பதுபோல், பதமாக, அவன் அக்குளில் பிடித்தன. இறக்கிக்கொண்டன.

விழுந்த சத்தம் இல்லை. எதுவும் இல்லை.

கெசியா கதவுச் சட்டத்தில் சரிந்தாள். எவ்வளவு நேரமோ. தெருப்பக்கம் ஆட்டோ வந்து நின்றது. கேட் திறந்தது. குடையை உதறுகிற ஓசை.

அம்மா.

சுவரைப் பிடித்துக்கொண்டு ஓடினாள். கூடத்தின் இருட்டில் டோரதி செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தாள். கெசியா வாயைத் திறந்தாள். கைகளை ஆட்டினாள். வெளியே, வெளியே என்று வாசலைக் காட்டினாள்.

"என்னடி ஆச்சு? ஏன் இப்படி நிக்கிற?"

கொல்லையிலிருந்து எபனேசரின் குரல் வந்தது. தெளிவாக. சந்தோஷமாக.

"அம்மா, வந்துட்டியா? இங்க வாயேன்."

"வர்றேன்டா," என்றாள் டோரதி.

கெசியா அவள் புடவையைப் பற்றினாள். கையைக் கடித்தாள். "விடுடி, இன்னா பைத்தியமா புடிச்சிருக்கு உனக்கு? அண்ணன் கூப்புட்றான் இல்ல?" டோரதி உதறிவிட்டுச் சமையலறையைத் தாண்டினாள். கெசியா பின்னாலேயே தவழ்ந்தாள். கால்கள் மரத்துப்போயிருந்தன.

டோரதி சம்ப்பின் ஓரத்துக்குப் போனாள். ஈரத்தில் நனையாமல் இருக்கப் புடவையைச் சற்றே தூக்கிக்கொண்டாள். குனிந்து கீழே பார்த்தாள்.

யாரையோ அடையாளம் கண்டுகொண்டவள்போல் சிரித்தாள். கையை நீட்டினாள்.