பளபளக்கும் கத்தி

"டாக்டரம்மா, மாடெல்லாம் நொண்டுது. நோயைக் கொண்டு வந்தவ யாருன்னும் தெரியும். நீங்க பார்த்து ஆமான்னு சொன்னா போதும்."

பண்ணைக்காரி தீர்ப்பை எழுதி வைத்துவிட்டுத்தான் நீதிபதியை அழைத்திருந்தாள்.

குற்றவாளி தொழுவத்துக்குள் ஒதுங்கி நின்றாள்: கறவைக்காரி. அவள் அண்ணன் வீட்டு மாடுகளுக்கும் இதே குளம்புப் புண். சாயங்காலத்துக்குள் அவள் மூட்டை கட்டியாக வேண்டும்.

தொழுவத்துக்கு ஒரே வாசல். அதில் கிருமியைக் கொல்லும் மயில்துத்தம் கரைத்த நீலத் தொட்டி. காலை முக்காமல் எவரும் நுழைய முடியாது. டாக்டரம்மா நிதானமாக முக்கிக் கடந்தார். பின்னால் வந்த கம்பவுண்டர் குனிந்து பார்த்தார். புது பூட்ஸின் இரும்பு வளையம் செம்பு நிறமாகியிருந்தது. அவருக்கு வயிறு எரிந்தது.

"நோய் பறந்தா வரும்? அவ கூடவே வந்திருக்கு," என்றார் உள்ளே உட்கார்ந்திருந்த குளம்பு சீவுகிறவர். அவர் கையிலிருந்த கத்தியும், பிடியைச் சுற்றிய இரும்புப் பூணும் வெள்ளியாய் மின்னின.

டாக்டரம்மா ஒவ்வொரு மாடாகப் பின்னங்காலைத் தூக்கிப் பார்த்தார். கம்பவுண்டருக்குப் பொறுக்கவில்லை.

"அண்ணன் வீட்ல இருந்து இவ, இவகிட்ட இருந்து இங்க. கோடு நேரா இருக்கும்மா."

"கோடு நேராத்தான்யா இருக்கு. நடந்த ஆள்தான் வேற." டாக்டரம்மா பண்ணைக்காரியிடம் திரும்பினார். "நொண்டாத மாட்டையெல்லாம் யார் கறக்கிறா?"

"இவதான்."

"அதுங்களுக்கு ஏன் வரலை? நொண்டுறதெல்லாம் குளம்பு சீவினது. மத்ததுக்கு இன்னும் சீவலை."

குளம்பு சீவுகிறவர் முகம் கறுத்தது. "நானும் முக்கிட்டுத்தாம்மா வரேன். காலு, கத்தி, எல்லாம்."

"யோவ், காலை நீட்டு," என்றார் டாக்டரம்மா. கம்பவுண்டர் நீட்டினார். "துத்தத்துல நனைஞ்ச இரும்பு இப்படிச் சிவந்துடும். கத்தியைச் சாணை பிடிச்சிருப்பீங்க, சரி. பூணை யாரு சாணை பிடிப்பா?"

குளம்பு சீவுகிறவர் பூணைக் கட்டைவிரலால் மூடினார்.

"துத்தம் கத்தியோட கூர்மையைத் தின்னுடும்மா," என்றார் அவர் கடைசியில். "அதான் கத்தியை மட்டும் முக்கலை."

"இங்க வர்றதுக்கு முந்தி எங்க சீவினீங்க?"

"இவ அண்ணன் வீட்ல."

"நொண்டுறதைத் தனியாக் கட்டுங்க. மாட்டுக்கு மாடு கத்தியைக் கழுவி, இரும்பைத் தின்னாத மருந்துல முக்குங்க. மருந்து நான் தரேன்."

பண்ணைக்காரி பால் வாளியை எடுத்து நீட்டினாள். "சரிடி, நேரமாச்சு. போய்க் கற."

கறவைக்காரி அசையவில்லை. "நான்தான் கொண்டு வந்தேன்னு தெருவுக்கே கேக்குற மாதிரி சொன்னீங்கக்கா. இல்லைன்னும் அங்கயே வந்து சொல்லுங்க."

தக்காளியானாலும் தங்கமானாலும் பாதி விலைக்குக் கேட்கிறவள் பண்ணைக்காரி. அன்று பேரம் பேசவில்லை. தெருவைப் பார்த்து நடந்தாள்.