குப்புறக் கிடந்த ராஜா

ஞாயிற்றுக்கிழமை, பிற்பகல் மூன்று மணி. சவுண்டு என்கிறவன் டேப் ரெக்கார்டரின் பொத்தானை அழுத்தினான். அது வாயைத் திறந்தது. உள்ளே கேசட் இல்லை.

"டேய், விளையாடாதீங்கடா. காலையில நான்தானே போட்டுப் பார்த்தேன்?" என்றான். அவன் ரகசியம் பேசினாலே தெருமுனைவரை கேட்கும். அதனால்தான் சவுண்டு என்று பெயர்.

மாடி அறையில் இருந்த மற்ற இருவரும் எழுந்து வந்து எட்டிப் பார்த்தார்கள். ஒருவன் பல் மருத்துவன். எல்லாரும் சிரித்து ஓய்ந்த பிறகு சிரிக்கத் தொடங்குவான் என்பதால் கல்லூரியிலேயே டியூப்லைட் ஆனவன். இன்னொருத்தி காவல்துறை இன்ஸ்பெக்டர். அந்த நாளில் யார் எதைச் சொன்னாலும் முடிவில் ஒரு கேள்வியை மாட்டிவிடுவாள். கொக்கி என்று பெயர் வைத்தார்கள். ஸ்டேஷனில் அவள் முன்னால் நடுங்குகிறவர்களுக்கு இந்த விஷயம் தெரியாது.

நான்காவது ஆள் சுவரில் படமாக இருந்தார். வீட்டுக்காரர். இவர்களைவிட மூன்று வயது மூத்தவர். தீர்க்கதரிசி என்பார்கள். போன வருடம் மாரடைப்பில் போய்விட்டார்.

இந்த அறையில்தான் நால்வரும் தங்கள் இளமையைத் தாராளமாக வீணடித்தார்கள். அப்போது 'மணி ஓயாத கோட்டை' என்ற மங்கா, அதாவது ஜப்பானியப் படக்கதைத் தொடர், பாகம் பாகமாக வந்துகொண்டிருந்தது. இருட்டு, ரத்தம், சாபம் எதற்கும் பஞ்சமில்லை. முகமூடி போட்ட ராஜா ஒருவன், அவன் கிடக்கும் கல்பெட்டி, பக்கத்தில் ஓயாமல் மணி அடிக்கும் ஒரு பெண். அந்தக் கோட்டையில் முன்பு என்ன நடந்தது என்பதை மட்டும் எழுதியவர் சொல்லவே இல்லை. அவர் சொல்லாவிட்டால் என்ன, இவர்கள் சொன்னார்கள்.

ராஜா எப்போதோ செத்துவிட்டான், முகமூடியைத்தான் யார் யாரோ போட்டுக்கொள்கிறார்கள் என்பது சவுண்டின் கட்சி. ராஜாவும் மணி அடிப்பவளும் ஒரே ஆள் என்றான் டியூப்லைட். தீர்க்கதரிசி மட்டும் தலையை ஆட்டுவார். "அவன் சாகலடா. நாட்டு இருட்டையெல்லாம் தான் வாங்கிக்கிட்டுப் போய்ப் படுத்திருக்கான். எழுந்து வீட்டுக்கு வருவான் பாரு." கொக்கிக்குக் கட்சி கிடையாது, சந்தேகம் மட்டும்தான்.

டீ ஆறிப்போகும், கடைசி பஸ் போய்விடும், வாய்ச்சண்டை மட்டும் ஓயாது. ஒருநாள் மூன்று கட்சிகளையும் கேசட்டில் பதிவுசெய்தார்கள். கடைசிப் பாகம் வந்ததும் எல்லாரும் கூடி அந்தக் கேசட்டைக் கேட்பது, பிறகு புத்தகத்தைப் பிரிப்பது, தோற்றவர்கள் கழுதைக்காது வைத்த அட்டைக் கிரீடத்தோடு படம் எடுத்துக்கொள்வது என்று ஒப்பந்தம். எழுதியவர் ஆற அமரக் கதையை முடிப்பதற்குள் இவர்களுக்குத் தலை நரைத்துவிட்டது.

கடைசிப் பாகம் நேற்றுத்தான் இந்த வீட்டுக்குக் கூரியரில் வந்தது. முன்னும் பின்னும் வெறும் கறுப்பு அட்டை, முதுகில் மட்டும் பெயர். ஒரு வரி வசனம்கூட இல்லாமல் முழுக்கப் படங்களாலேயே முடித்திருக்கிறார் என்று முன்பே கேள்விப்பட்டிருந்தார்கள். இன்று காலை, தானே செய்த அட்டைக் கிரீடத்தோடு அறைக்குள் நுழைந்ததும் சவுண்டு, "ராஜாவை யாருடா குப்புறப் போட்டது?" என்று அதைப் புரட்டி நேராக வைத்தான். மங்கா வலமிருந்து இடமாகப் போகும். நம் புத்தகத்துக்குப் பின்னட்டை எதுவோ அதுதான் அதற்கு முன்னட்டை. பிறகு டேப்பைப் போட்டு, தன் குரலை மட்டும் கேட்டு ரசித்து நிறுத்தினான். எல்லாரும் கீழே சாப்பிடப் போனார்கள்.

"யாரும் வெளியே போகக் கூடாது," என்றாள் கொக்கி.

"ஏய், இது உன் ஸ்டேஷன் இல்ல," என்றான் டியூப்லைட்.

"சாப்பாட்டுக்கு நடுவுல மேல வந்தியா?"

"கண்ணாடியை எடுக்க வந்தேன்."

"கேசட் இருந்துச்சா?"

"கண்ணாடி இல்லாம எப்படிப் பார்க்கறது?"

"நீ?"

"போன் பேச வந்தேன்," என்றான் சவுண்டு. "தோத்துடுவோம்னு பயந்து நான் ஒளிச்சு வெச்சேன்னு நினைக்கறியா? ஜெயிக்கப்போறதே நான்தான்."

அவன் போனில் பேசியது அப்போது கீழே எல்லாருக்கும் கேட்டிருந்தது. டியூப்லைட் நெளிந்தான். அவன் கட்சியை நினைத்தால் அவனுக்கே இப்போது சிரிப்பு வந்தது. கேசட் தொலைந்ததில் அவனுக்கு உள்ளூர ஒரு நிம்மதிகூட இருக்கலாம். கொக்கி அதைக் குறித்துக்கொண்டு கீழே இறங்கினாள்.

கீழே தையல் கடை. தீர்க்கதரிசியின் மனைவி நடத்துவது. இவர்களுக்கு அண்ணி. ஞாயிறு விடுமுறைதான், ஆனாலும் ஒரு சட்டைக்குக் காலர் வைத்துக்கொண்டிருந்தார்.

"கேசட்டைக் காணோம் அண்ணி."

"அடடா. நல்லாத் தேடினீங்களாம்மா?"

"மேல வந்தீங்களா?"

"தண்ணி வைக்க வந்தேன்."

"புத்தகம் நேத்தே வந்துடுச்சா?"

"ஆமா. கூரியர் கவரைக் கிழிச்சு மேசையில வெச்சேன். அந்தப் படக்கதைப் பக்கமே நான் போக மாட்டேன்னு உனக்குத்தான் தெரியுமே." ஊசியில் நூல் கோக்க மூன்று முறை முயன்றார். "ஏம்மா, அந்தக் கழுதைக் கிரீடத்தை அவர் படத்துக்கு எப்படி மாட்டுவீங்க? ஆணி கீணி அடிக்க வேணாம். சுவர் பெயர்ந்துடும்."

"அடிக்க மாட்டோம் அண்ணி," என்று சொல்லிவிட்டுக் கொக்கி படியேறினாள். பாதிப் படியில் அவள் கால் நின்றது.

மேலே போய்ப் புத்தகத்தைத் திறக்காமல் கையில் எடுத்தாள். ஒரு கறுப்பு அட்டை தகடுபோல் படிந்திருந்தது. இன்னொன்று முதுகை ஒட்டி ஒரு மடிப்பு வாங்கி, லேசாகத் தூக்கிக்கொண்டு நின்றது. புதுப் புத்தகத்தை அழுத்தித் திறந்தால் விழும் மடிப்பு.

நான்கு மணிக்கு அண்ணியையும் மேலே வரச் சொன்னாள்.

"இதை யாரோ ஏற்கெனவே படிச்சிருக்காங்க," என்றாள். சவுண்டும் டியூப்லைட்டும் ஒருவரையொருவர் முறைத்தார்கள். "உங்க ரெண்டு பேர் மேலயும் எனக்குச் சந்தேகம் இல்ல. மடிஞ்சிருக்கறது கடைசி அட்டை. கடைசிப் பக்கத்தை முதல்ல பார்க்கறது நமக்குக் கொலைக்குத்தம். குடிபோதையிலகூட நீங்க அந்தப் பக்கம் திறக்க மாட்டீங்க. காலையில இது குப்புறக் கிடந்துச்சு, ஞாபகம் இருக்கா? சாதாரணப் புத்தகம் மாதிரி திறந்து, சாதாரணப் புத்தகம் மாதிரியே மூடி வெச்சிருக்காங்க. மங்காவே தொடாத ஒரு ஆள்."

அண்ணி முந்தானையை விரலில் சுற்றிக்கொண்டிருந்தார்.

"யார் தோத்தாங்கன்னு இன்னும் எங்களுக்கே தெரியாது அண்ணி. கிரீடம் அண்ணன் படத்துக்குத்தான்னு உங்களுக்கு எப்படித் தெரிஞ்சுச்சு? கேசட்டை நீங்க அழிச்சிருக்க மாட்டீங்க. அவர் குரல் அதுல இருக்கே. தையல் மெஷின் டிராயர்லயா இருக்கு?"

சவுண்டு அண்ணியைத் திரும்பிப் பார்த்தான்.

"ஆமா, எடுத்தேன்," என்றார் அண்ணி. "இருபது வருஷமா அந்த மனுஷன் இதையே சொல்லிட்டிருந்தாரு. அவன் வருவான், வருவான்னு. நேத்துதான் முதல் தடவையா ஒண்ணைத் திறந்து பார்த்தேன். அவன் எங்கடா வந்தான்? வீட்டு வாசல்ல நல்லா உக்காந்திருந்தவன் எழுந்து போய், பெட்டிக்குள்ள படுத்து, மூடியைப் போட்டுக்கிட்டான். முடிஞ்சுபோச்சு. அவர் குரலைக் கேட்டு நீங்க சிரிக்கணும், அவர் தலையில கழுதைக் காதை மாட்டணும். நான் வேடிக்கை பார்க்கணுமா?"

சவுண்டு சும்மா விளையாட்டுக்குச் செய்த கிரீடம் அது. கணவரை இழந்த அண்ணியின் கண்ணுக்கு அது எப்படித் தெரியும் என்று அவனும் டியூப்லைட்டும் யோசிக்கவே இல்லை. சவுண்டு அதை எடுத்து முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டான்.

வாழ்க்கையில் முதன்முறையாக டியூப்லைட்டுக்குத்தான் முதலில் மண்டைக்குள் விளக்கு எரிந்தது.

"அண்ணி, இங்க வாங்க," என்று புத்தகத்தைப் புரட்டி அவர் கையில் கொடுத்தான். "நீங்க பார்த்ததெல்லாம் சரிதான். பின்னாலேர்ந்து பார்த்துட்டீங்க. இந்தப் பக்கத்துலேர்ந்து திருப்புங்க."

அண்ணி புரியாமல் திருப்பினார். கல்பெட்டி மூடியிருந்தது. அடுத்த பக்கத்தில் மூடி ஒரு விரற்கடை விலகியது. பிறகு ஒரு கை. பிறகு முகமூடி தரையில் கிடந்தது. மணி அடிப்பவள் கயிற்றை விட்டுவிட்டு நின்றாள். பக்கங்கள் போகப் போக அண்ணியின் கை வேகம் பிடித்தது. நரைத்த தலையோடு ஒரு மனிதன் நடந்தான், ஊரைக் கடந்தான், சுவர் இடிந்த ஒரு வீட்டை அடைந்தான். கடைசிப் பக்கத்தில் அவன் வாசலில் உட்கார்ந்து செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தான்.

"வந்துட்டான்," என்றார் அண்ணி. அவர் கண் படத்தின் மேலேயே இருந்தது.

சவுண்டு மூக்கைத் துடைத்துக்கொண்டு கிரீடத்தைத் தன் தலையில் மாட்டிக்கொண்டான். டியூப்லைட்டுக்கென்று இன்னொரு கிரீடம் செய்யவே இல்லை; பாதியைக் கிழித்து அவனுக்கு ஒரு காது கொடுத்தான். கொக்கி கீழே போய் டிராயரிலிருந்து கேசட்டைக் கொண்டுவந்து போட்டாள். பொத்தானை அழுத்துமுன் சுவரில் இருந்த படத்தை ஒருமுறை பார்த்துக்கொண்டாள். எத்தனையோ திருட்டைக் கண்டுபிடித்தவள்தான், ஆனால் இந்தக் குரலைக் கேட்டு ஒரு வருடம் ஆகிறதே.

இரைச்சல். வாலிப சவுண்டின் கூப்பாடு. இளவயதுக் கொக்கியின் குரல்: "அவன் எழுந்து வருவான்னு எதை வெச்சுச் சொல்றீங்க? ஆதாரம் என்ன?"

"ஆதாரமெல்லாம் இல்லம்மா," என்றது தீர்க்கதரிசியின் குரல், சிரித்துக்கொண்டே. "தப்பாவே இருக்கட்டும். எனக்கு அவன் வீட்டுக்கு வரணும். பாவம், யாராவது ஒருத்தங்க அவனுக்காகக் காத்துட்டிருப்பாங்கல்ல?"

கேசட் கடகடவென்று ஓடிக்கொண்டிருந்தது. அண்ணி டேப் ரெக்கார்டரின் பக்கத்தில் தரையிலேயே உட்கார்ந்துவிட்டார்.

"உங்ககிட்ட அண்ணன் இதைச் சொன்னதே இல்லையா?" என்று டியூப்லைட் மெல்லக் கேட்டான்.

"சொன்னாரு. சாப்பிட உக்காரும்போதெல்லாம் சொன்னாரு. நான்தான் காதுல வாங்கல," என்றார் அண்ணி. "இன்னொரு தடவை போடும்மா."