கயிற்றைத் தாண்டிய கத்தி

மணவாளன் கத்தியை ஓங்கிக் குத்தினான். குழந்தைவேல் “ஆ!” என்று அலறிக்கொண்டு களத்துமேட்டில் செத்து விழுந்தான். விழுந்த வேகத்திலேயே எழுந்து உட்கார்ந்து முதுகைத் தடவினான்.

“முதுவுல கல்லு குத்துதுடா!”

“செத்தவன் பேசக் கூடாது. படு!” என்று வைக்கோல் போரின் மேலிருந்து ஒரு குரல் வந்தது.

அது குழந்தைவேலின் அக்கா கஸ்தூரியின் குரல். அபிஷேகப்பாக்கம் பள்ளிக்கூடத்துப் பையன்கள் போடும் நாடகத்தில் பெண்பிள்ளைகளுக்கு வேஷம் கிடையாது. ஆனால் அந்த நாடகத்தின் சண்டையைக் கட்டியவள் அவள்தான். குழந்தைவேல் இளவரசன். அவனைக் கொல்லும் துரோகித் தளபதி, அடுத்த வீட்டு மணவாளன்.

சண்டை என்றால் கண்டபடி கம்பு சுழற்றுவது என்றுதான் மணவாளன் முதலில் நினைத்திருந்தான். கஸ்தூரி விடவில்லை. வெட்டுகிறவன் முதலில் கண்ணால் சொல்ல வேண்டும். விழுகிறவன் தலையசைத்த பிறகுதான் கத்தி இறங்க வேண்டும். கல்யாண முருங்கைக் கட்டையில் செதுக்கிய கத்திகள் ஒன்றோடொன்று மோதவே கூடாது, உரசினால் போதும். ‘டக், டக்’ என்ற சத்தத்தைத் திரைக்குப் பின்னாலிருந்து கொட்டாங்கச்சியால் அவள் கொடுத்துவிடுவாள்.

கடைசிக் குத்து அக்குளுக்குள் போகும், பார்க்கிறவர்களுக்குத் தெரியாத பக்கமாக. அங்கே ஆரத்தித் தண்ணீரில் நனைத்த துணி உருண்டை ஒன்று இருக்கும். கையை இறுக்கினால் சிவப்பாக வழியும்.

“இன்னொண்ணு. மேடைக்கு முன்னால கயிறு கட்டியிருக்குது பாரு, கத்தி அத தாண்டக் கூடாது. நானு சொன்னதுக்கு மேல ஒண்ணும் சேக்கக் கூடாது. இன்னா?”

“சரிக்கா, சரி. வாத்தியாருகூட இவ்ளோ மெரட்ட மாட்டாரு” என்றான் மணவாளன்.

வைக்கோல் போரின் அடியில் உட்கார்ந்து எறும்பு பார்த்துக்கொண்டிருந்தாள் அமுதம். கஸ்தூரிக்கும் குழந்தைவேலுக்கும் தங்கை. வயது நான்கு. ஒத்திகை முடிந்ததும் ஓடி வந்து மணவாளனின் முதுகில் ஏறிக்கொண்டாள். அவன் தோள்தான் அவளுக்கு வண்டி. இரண்டு கையையும் காற்றில் வீசிக்கொண்டு, “ஏரிக்குப் போ! கொக்கு பாக்கணும்!” என்று உத்தரவு போடுவாள். வண்டியும் மறுபேச்சில்லாமல் போகும்.

முதல் ஆட்டம் ஊரில் நடந்தது. நன்றாக இருந்தால் பாகூருக்கு அழைத்துப் போவதாகச் சாமிநாத வாத்தியார் சொல்லியிருந்தார். அங்கே பிரெஞ்சு அரசாங்கம் கொண்டாடும் ஜூலை பதினாலாம் தேதி விழாவில், கொம்யூன் என்கிற ஊராட்சியின் தலைவரான மேர் முன்னால் ஆடலாம்.

பொழுது சாய்ந்ததும் விளக்கு ஏற்றினார்கள். கரி மீசையும் கறுப்புத் தலைப்பாகையுமாக மணவாளனை அவன் அம்மாவுக்கே அடையாளம் தெரியவில்லை. சண்டை தொடங்கியது. கொட்டாங்கச்சி ‘டக்’கென்றது. கத்திகள் உரசின. கடைசிக் குத்தில் இளவரசனின் வெள்ளைச் சட்டை சிவந்தபோது, கூட்டம் மூச்சு விடவில்லை.

“அண்ணா!” என்று ஒரு குரல் வீறிட்டது.

முன்வரிசையில் அமுதம் நின்றுகொண்டிருந்தாள். இரண்டு கையும் தலையில் இருந்தன.

மணவாளனுக்கு உள்ளுக்குள் ஜிலுஜிலுவென்றது. நான் குத்தினதை நிஜமென்றே நம்பிவிட்டாளே! இன்னும் கொஞ்சம் செய்தால் என்ன? அவன் கயிறு வரைக்கும் வந்தான். கத்தியைக் கயிற்றுக்கு வெளியே நீட்டினான். அமுதத்தை நேராகக் காட்டினான்.

“அடுத்தது நீதான்டி!”

கூட்டம் கொல்லென்று சிரித்தது. கை தட்டியது. அமுதம் நின்ற இடத்திலேயே பாவாடையை நனைத்துவிட்டாள். அதைப் பார்த்துவிட்டுக் கூட்டம் இன்னும் சிரித்தது. மணவாளனும் மீசைக்குள் சிரித்தான்.

மறுநாள் காலை வழக்கம்போல அவன் அடுத்த வீட்டு வாசலில் போய்க் குனிந்து நின்றான். “வண்டி வந்திருக்குது! யாரு ஏர்றது?”

உள்ளே ஏதோ பாத்திரம் உருண்டது. கதவுக்குப் பின்னாலிருந்து ஒரு கண் தெரிந்தது. அடுத்த நொடி வீடே அதிர்கிற மாதிரி அழுகை கேட்டது.

“ராத்திரி ஒடம்பு அனலா கொதிச்சுது. இப்ப நீ போப்பா” என்று அமுதத்தின் அம்மா தையலம்மாள் மெதுவாகச் சொன்னாள். திட்டியிருந்தால்கூடத் தேவலை என்று மணவாளனுக்குத் தோன்றியது.

காய்ச்சல் இறங்கியது. பயம் இறங்கவில்லை. குழந்தைவேல் தன் சட்டையைக் கழற்றி விலாவைக் காட்டினானாம்.

“பாரு அமுதம், காயமே இல்ல. நான் சாவவே இல்ல.”

“நீ பாதிதான் செத்த. அம்மா மருந்து போட்டு எழுப்பிட்டாங்க” என்றாளாம் அவள்.

மணவாளன் பொரி உருண்டை வாங்கிக் கொடுத்தனுப்பினான். ஆசையாகக் கடித்தவள், யார் கொடுத்தது என்று கேட்டாள். பெயரைச் சொன்னதும் வாயிலிருந்ததைத் துப்பிவிட்டாள். மிச்சத்தை மட்டும் பத்திரமாகக் கையில் வைத்துக்கொண்டாளாம்.

ஏரிக்கரையில் கொக்குகள் இருந்தன. தனியாகப் பார்க்கப் பிடிக்காமல் அவன் திரும்பி வந்தான். அன்று கூட்டம் சிரித்த சிரிப்பு காதிலேயே இருந்தது. இப்போது கேட்க நன்றாக இல்லை.

களத்துமேட்டில் கஸ்தூரியைப் பார்த்தான்.

“யக்கா, அமுதத்துகிட்ட சண்டை எப்பிடின்னு காட்டிடறேன். அக்குளு, துணி, கொட்டாங்கச்சி, எல்லாத்தையும்.”

கஸ்தூரி சீறினாள். “இன்னாடா வெளையாடறியா? அவ வாயில ஒரு சொல்லு நிக்குமா? பாகூர்ல முன்னால குந்திகினு ‘அக்குளு, அக்குளு’ன்னு கத்துவா. மேரு சிரிப்பாரு. எத்தினி நாளா நான் கட்டின சண்டை தெரியுமா?”

“தெரியும். கத்துனா கத்தட்டும். அதுக்குன்னு அவள இப்பிடியே வுட முடியுமா?”

கஸ்தூரி ஒரு வைக்கோலை எடுத்து முறித்தாள்.

“அந்தச் சண்டையில எல்லா வெட்டும் பொய்யி. நீயா ஒண்ணு சேத்தியே, அதான்டா பட்டுது” என்றாள். பிறகு, “சரி, கூட்டியாரேன்” என்று எழுந்து போனாள்.

கஸ்தூரியின் இடுப்பில் முகத்தைப் புதைத்துக்கொண்டு அமுதம் வந்தாள். மணவாளன் கிட்டே போகவில்லை. தூரத்திலேயே தரையில் உட்கார்ந்துகொண்டான். மீசை இல்லை, தலைப்பாகை இல்லை. கத்தியை அமுதத்தின் கையில் கொடுக்கச் சொன்னான்.

“இப்ப நீதான் தளபதி. என்னைக் குத்து.”

அமுதம் கத்தியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். அது பஞ்சு மாதிரிக் கனமற்று இருந்தது. நகத்தால் கீறினாள், கீறல் விழுந்தது. தயங்கித் தயங்கி வந்து எட்ட நின்றே நீட்டினாள்.

மணவாளன் கையைத் தூக்கி அக்குளுக்குள் கத்தியை வாங்கினான். துணி உருண்டையை இறுக்கினான். சிவப்பு வழிந்தது. “ஐயோ அம்மா!” என்று கத்தி, காலை உதறி, நாக்கைத் தொங்கப் போட்டு விழுந்தான்.

அமுதம் குனிந்து துணியை எடுத்துப் பிழிந்தாள். முகர்ந்தாள். “மஞ்சா!” என்றாள்.

அதற்குப் பிறகு மணவாளன் பலமுறை சாக வேண்டியிருந்தது. நன்றாகச் சாகவில்லை என்று ஒரு தடவை அவனைத் திட்டவும் திட்டினாள். திடீரென்று அவள் கத்தியைத் தாழ்த்தினாள்.

“அப்ப அன்னிக்கு என்னக் குத்துவேன்னு சொன்னியே, அதுவும் பொய்யா?”

ஆமாம் என்று ஒரே சொல்லில் முடித்திருக்கலாம். அவனால் முடியவில்லை.

“அது நாடகத்துலயே இல்ல, அமுதம். எல்லாரும் சிரிக்கணும்னு நானா சொன்னேன். சொல்லியிருக்கக் கூடாது. தப்புதான்.”

அமுதம் கத்தியை அவன் பக்கத்தில் வைத்துவிட்டு அக்காவிடம் போய்விட்டாள்.

“வண்டியில ஏர்றியா?” என்று மணவாளன் கேட்டான். அவள் தலையை மட்டும் ஆட்டி வேண்டாமென்றாள்.

பாகூரில் ஆட்டம் பகலிலேயே நடந்தது; விழாக் கூட்டம் நிறைந்திருந்தது. மேர் நாற்காலியில் இருந்தார். முன்வரிசையில், யாரோ ஒரு கிழவிக்குப் பக்கத்தில் அமுதம் உட்கார்ந்திருந்தாள். கஸ்தூரி திரையின் ஓட்டை வழியாகத் தங்கையின் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

சண்டை கடைசிக் குத்துக்கு வந்தது. மணவாளன் கண்ணால் சொன்னான். குழந்தைவேல் தலையசைத்தான். கத்தி இறங்கியது, சட்டை சிவந்தது. கூட்டம் ‘ஐயோ’ என்றது.

அமுதம் இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டிருந்தாள். கன்னம் இரண்டும் உப்பியிருந்தன. பக்கத்துக் கிழவி முந்தானையால் கண்ணைத் துடைத்தபோது, அமுதம் ஒரு கையை மட்டும் எடுத்துக் கிழவியின் முழங்காலைத் தட்டிக் கொடுத்தாள். வாயைத் திறக்கவேயில்லை.

மணவாளன் கயிற்றின் பக்கம் திரும்பவில்லை. கத்தியைத் தாழ்த்திப் பிடித்தபடி பின்பக்கமாகவே மேடையை விட்டுப் போனான். யாரும் சிரிக்கவில்லை.

நாடகம் முடிந்ததும் திரைக்குப் பின்னால் முதலில் ஓடி வந்தது அமுதம்.

“நான் சொல்லவே இல்ல! அந்த ஆயா அழுதாங்க, அப்பகூட சொல்லல!”

“எங்கண்ணு!” என்று கஸ்தூரி அவளை இழுத்து முத்தமிட்டாள்.

மணவாளன் மீசையை அழித்துவிட்டுக் குனிந்து நின்றான். அமுதம் யோசித்தாள்.

“கத்திய கீழ வெய்யி.”

கையில் கத்தி இருப்பதே அவனுக்கு நினைவில்லை. கீழே வைத்தான்.

“இன்னும் தள்ளி.”

காலால் தள்ளினான். அது திரைக்கு அடியில் போய் மறைந்தது. அப்புறம்தான் அவள் ஏறினாள்.

முன்பெல்லாம் இரண்டு கையையும் காற்றில் வீசிக்கொண்டு வருவாள். இன்று அவன் தலைமுடியை இரண்டு கையாலும் இறுகப் பிடித்துக்கொண்டாள். வலித்தது. வலிக்கிறதென்று மணவாளன் சொல்லவில்லை. தோளில் இருப்பவள் குலுங்காதபடி, அடிமேல் அடி வைத்து, ஊருக்குப் போகும் மாட்டு வண்டி வரைக்கும் மெதுவாக நடந்தான்.

பாதி தூரத்தில் ஒரு கை முடியை விட்டது.

“அங்க பாரு, கொக்கு!” என்று அது வானத்தைக் காட்டியது.